நாக்குக்காரரின் நாலு மணித் தேத்தண்ணி

புஷ்பராஜ் வீட்டில் தேத்தண்ணி நின்றுபோனது ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். தண்ணீர் நின்றிருக்கிறது, மின்சாரம் நின்றிருக்கிறது, காஸ் கிடைக்காமல் அடுப்பே நின்றிருக்கிறது. அத்தனையையும் தாங்கிய வீடு அது. தேத்தண்ணி நின்றது அதுதான் முதல் தடவை.

நடந்தது இவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தூக்கம் போட்டு எழும்பி, நாலு மணிக்குப் பல்கனியில் பிரம்புக் கதிரையில் வந்து உட்கார்ந்தார் புஷ்பராஜ். மனைவி ஜெகதீஸ்வரி கோப்பையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அவர் ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக உருட்டினார். எழும்பிப் போய், ஹோலில் இருந்த கை கழுவும் பேசினில் துப்பினார். திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னார்.

"ஈசு, என்ன இது? இது உம்மட கை இல்லையே."

"என்ன சொன்னனீங்கள்?"

"உம்மட கைப்பக்குவம் இதில இல்லை எண்டு சொல்லுறன். வேற ஆரோ போட்ட மாதிரிக் கிடக்கு."

 ஜெகதீஸ்வரி அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கினாள்.

"இனிமேல் இந்த வீட்டில நான் தேத்தண்ணி போடமாட்டன்."

"ஏனப்பா? ஒரு அபிப்பிராயம்தானே சொன்னனான்."

"நானும் ஒரு அபிப்பிராயம்தான் சொன்னனான்."

அதோடு குசினிக் கதவு சாத்தப்பட்டது.

இங்கே புஷ்பராஜின் நாக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது உங்களுக்கும் எனக்கும் இருக்கிற மாதிரி நாக்கு அல்ல, சம்பளம் வாங்கிய நாக்கு. தேயிலை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பனியில் ருசி பார்க்கும் உத்தியோகம் பார்த்தவர் அவர். நீளமான மேசை. அதில் வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். கரண்டியால் அள்ளி, பக்கத்துக் கந்தோருக்குக் கேட்கிற மாதிரி உறிஞ்சி, படிக்கத்தில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர வேண்டும். விழுங்கக் கூடாது. அதைவிட முக்கியம், புகழக் கூடாது. வாங்க வந்தவன் நல்லாயிருக்கு என்று வாய் திறந்தால் விற்கிறவன் விலையை ஏற்றிவிடுவான். தேவாமிர்தமே வந்தாலும் வயிற்றுவலிக்காரன் முகத்தோடு 'பரவாயில்லை' என்பதுதான் தொழில் தர்மம்.

தொழிலைக் கந்தோரில் விட்டுவிட்டு வருகிற புத்தி அவருக்கு இருக்கவில்லை. காலையில் தேத்தண்ணி குடித்தால் நாக்கு கெட்டுவிடும் என்று காலையில் கோப்பி. தேத்தண்ணி பின்னேரம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்கும் தினம் ஒரு சான்றிதழ்.

"இண்டைக்கு சாயம் கூடிப்போச்சு."

"ம்."

"நேற்றைக்கு விடப் பரவாயில்லை. ஆனால் கொஞ்சம் ஃபிளாட், உயிரில்லை."

"ம்."

"சீனியை ஒரு சொட்டுக் குறைச்சால் என்ன?"

"சொல்லுறன்."

'சொல்லுறன்' என்றுதான் ஜெகதீஸ்வரி எப்போதும் சொல்வாள். 'குறைக்கிறன்' என்று சொல்ல மாட்டாள். யாரிடம் சொல்லப் போகிறாள் என்று கேட்க வேண்டும் என்று புஷ்பராஜுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. நாக்கு கூர்மையாக இருந்த அளவுக்குக் காது கூர்மையாக இருக்கவில்லை, பாவம்.

ஓய்வு பெற்ற பிறகும் நாக்கு ஓய்வு பெறவில்லை. மற்றவர்களுடைய தேத்தண்ணிக்கும் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினார். அவர்கள் வீட்டுக் குசினி யன்னலுக்கு நேர் கீழே ஹாஷிம் நானாவின் தேத்தண்ணிக் கடை இருந்தது. வெள்ளவத்தையே அங்கே வந்து நின்று குடிக்கும். புஷ்பராஜ் மட்டும் மூக்கைப் பொத்தாத குறையாகத் தாண்டிப் போவார். "குப்பைத் தூளில துணிப்பையைத் தோய்ச்சு எடுக்கிறான். மனிசர் குடிப்பினமே அதை?" என்பார். ஹாஷிம் நானாவோ அவரைக் கண்டால் கேத்தலை இறக்கி வைத்துவிட்டுச் சிரிப்பார்.

"சேர், தேத்தண்ணி எல்லாம் எப்பிடி ஈக்கிது?"

தன் கடையில் கால் வைக்காத மனிதரிடம் என்ன கேள்வி இது? புஷ்பராஜ் பதில் சொல்லாமல் போய்விடுவார். அந்தக் கேள்வியும் இப்போது இல்லை. கடை இருந்த கட்டடத்தை யாரோ தொடர்மாடி கட்ட வாங்கிவிட்டார்கள். திங்கட்கிழமை இரவே சுற்றிவரத் தகரம் அடித்தாயிற்று. ஹாஷிம் நானா தெஹிவளையில் மகள் வீட்டோடு போய்விட்டார். சத்தம் குறைந்தது நல்லதுக்கு என்று புஷ்பராஜ் நினைத்துக்கொண்டார்.

சத்தம் மேலே வீட்டிலும் குறைந்துபோனதுதான் அவர் எதிர்பாராதது.

நாலு மணிக்கு எழும்பி வருவார். இரண்டு பிரம்புக் கதிரை இருக்கும். ஒன்று வெறுமையாக இருக்கும். இரண்டு மாடிகளுக்கு இடையில் ஒரு முழத் துண்டுக் கடல் தெரியும், அதைத் தாண்டி ரயில் போகும். முன்பெல்லாம் அந்த வேளையில்தான் ஜெகதீஸ்வரி கதைப்பாள். மீன்காரன் ஏமாற்றியது, மேல்மாடியில் நாய் வாங்கியது, மகள் மெல்பேர்னிலிருந்து அனுப்பிய படம். அவர் பாதியைக் கேட்பார், மீதிக்கு உறிஞ்சுவார். இப்போது அவள் உள்ளே தையல் மெஷினில் இருந்தாள். கேட்டதற்குப் பதில் வந்தது. கேட்காததற்கு ஒன்றும் வரவில்லை. தேத்தண்ணியைத்தான் இழந்தோம் என்று நினைத்திருந்தவருக்கு, அதோடு என்னவெல்லாம் போயிருக்கிறது என்று மெல்ல மெல்ல விளங்கியது. முழுப் பின்னேரமும் போயிருந்தது.

வெள்ளவத்தையில் தேத்தண்ணிக்கா பஞ்சம்? ஒரு கடையில் குடித்தார். குப்பை. இன்னொரு கடையில் குடித்தார். அதைவிடக் குப்பை. பல்கனிக் கோப்பையின் அந்தப் பதம் எங்கேயும் இல்லை.

படியில் வைத்துப் பக்கத்து வீட்டு ஐறீன் பிடித்துக்கொண்டாள். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். ஜெகதீஸ்வரிக்கு உயிர்ச் சிநேகிதி. மனதில் பட்டதை வாயில் வைத்திருக்கத் தெரியாதவள்.

"என்ன அண்ணே, முகம் செத்துப்போய்க் கிடக்கு?"

"ஈசு தேத்தண்ணி தாறேல்ல, ஐறீன்."

"தராம? நீங்க குடிச்சிட்டுத் துப்பினா ஆருதான் தருவா? அண்ணே, ஒண்ணு கேக்கிறேன். ஈசுக்காவ எங்கயாச்சும் வெளியால கூட்டிப் போயிருக்கீங்களா?"

"போறதுதானே. கோயிலுக்கு."

"கோயிலுக்கு சாமி கூப்பிடுது. நீங்க கூப்பிட்டீங்களா?"

புஷ்பராஜ் யோசித்தார். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"காலிமுகத்திடல் பக்கம் அந்தப் பழைய பெரிய ஹோட்டல் இருக்கே. பின்னேரத்தில ஆஃப்டர்நூன் டீ குடுக்கிறான். வெள்ளைக்காரன் காலத்து ஸ்டைல். மூணு தட்டு அடுக்கி, மணிமணியா பலகாரம் வச்சு, கடலப் பார்த்துக்கிட்டுக் குடிக்கலாம். ஈசுக்காவ அங்க கூட்டிட்டுப் போங்க."

"தேத்தண்ணி குடிக்க வெளியில போறதோ? அதுவும் நான்?"

"அப்ப வீட்டில குடிங்க," என்று ஐறீன் படியேறிப் போய்விட்டாள்.

அன்றைக்குப் பின்னேரம் வெறுங் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் புஷ்பராஜின் மண்டைக்குள் அந்தத் திட்டம் உதித்தது. போவது சரி. போய் ஹோட்டல் தேத்தண்ணியை ஒரு வாய் குடிக்க வேண்டும். முகத்தைச் சுளிக்க வேண்டும். கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "ஈசு, உம்மட தேத்தண்ணிக்கு முன்னால இது ஒண்டுமேயில்லை" என்று சொல்ல வேண்டும். எந்த மனைவி உருக மாட்டாள்? அடுத்தநாள் நாலு மணிக்குக் கோப்பை தானாக வரும். பெரிய ஹோட்டலில் வைத்துப் பெரிய ஹோட்டலையே தோற்கடிப்பது! தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். புகழ்ந்து பழக்கமில்லாத வாய் அது. 'நல்லாயிருக்கு' என்று தொடங்கினால் 'பரவாயில்லை' என்று முடிந்தது. குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துப் பழகினார். "உம்மட தேத்தண்ணி பரவா... சே. உம்மட தேத்தண்ணி திறம். திறம். நல்ல திறம்." மூன்று நாள் பல்லுத் தீட்டும் நேரமெல்லாம் இதுவே வேலையாகப் போயிற்று.

ஐறீனைக் கொண்டு ஹோட்டலில் மேசை புக் பண்ணுவித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை வெளியில போவம்," என்று அவர் சொன்னபோது ஜெகதீஸ்வரி துள்ளிக் குதிக்கவில்லை.

"எங்க?"

"ஒரு ஹோட்டலுக்கு. தேத்தண்ணி குடிக்க."

"சரி. மயில்கழுத்துச் சீலை கட்டுறன். பிளவுஸ் தைச்சு முடிஞ்சுது," என்றாள்.

எந்தக் கொண்டாட்டத்துக்குத் தைத்த பிளவுஸ் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

திரீவீலரில் போய் இறங்கினார்கள். வெள்ளை உடுப்புக்காரர் ஒருவர் கதவைத் திறந்தார். கடல் பார்த்த நீண்ட விறாந்தை. உயர்ந்த கூரையில் ஃபான் சோம்பலாகச் சுற்றியது. ஒருவர் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். காகம் கலைக்கவென்றே ஒரு ஆள் தடியோடு நின்றார். ஜெகதீஸ்வரி கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். ஒரு முழத் துண்டு அல்ல, முழுக் கடலும். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைக் கண்டு புஷ்பராஜுக்கு உள்ளே ஏதோ இடறியது. இத்தனை காலமாக இதே ஊரில்தானே இருந்தோம், ஒரு திரீவீலர் பிடித்தால் வந்திருக்கலாமே என்று நினைத்தார். ஏன் வரவில்லை என்பதற்கு அவரிடம் ஒரு நியாயமும் இல்லை.

மூன்று தட்டு அடுக்கு வந்தது.

"இண்டைக்கு வெள்ளி. மரக்கறிதானோ எண்டு கேளுங்கோ," என்றார் அவர், கரிசனமாக.

"மரக்கறிதான். புக் பண்ணும்போதே சொல்லியாச்சு."

"புக் பண்ணினது ஐறீன் எல்லோ?"

"ஓம். ஐறீனுக்குத் தெரியுந்தானே, எனக்கு வெள்ளிக்கிழமை விரதமெண்டு. இது என்ன, பாணுக்குள்ள வெள்ளரிக்காயோ?"

"ஓம். சான்ட்விச்."

"இவ்வளவு உயரத்தில வச்சு, இத்துனூண்டு வெள்ளரிக்காய். மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு. எங்க துவங்கிறது?"

"நாங்கள் நடுத்தட்டு ஆக்கள்தானே. நடுவில துவங்குவம்."

ஜெகதீஸ்வரி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டு எத்தனை நாள்! நேரம் நல்ல நேரம் என்று புஷ்பராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். தேத்தண்ணி வந்தது. வெய்ட்டர் பூனை நடையில் வந்து ஊற்றினார். புஷ்பராஜ் கோப்பையைத் தூக்கினார்.

பழக்கம் பொல்லாதது. ஸ்ஸ்ர்ர்ர்ரூப்!

பியானோக்காரர் ஒரு கட்டையைத் தவறவிட்டார். பக்கத்து மேசை வெள்ளைக்காரி கரண்டியைக் கீழே போட்டாள். காகம் கலைக்கிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார். புஷ்பராஜின் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. கண்கள் படிக்கம் தேடின. பக்கத்தில் அந்தூரியம் வைத்த பூச்சாடி ஒன்று இருந்தது. அவர் உடம்பு மெல்ல அந்தப் பக்கம் சரிந்தது.

"விழுங்குங்கோ," என்றாள் ஜெகதீஸ்வரி, கடலைப் பார்த்தபடியே.

விழுங்கினார்.

அடுத்த சங்கடம் உடனே வந்தது. தேத்தண்ணி திறமாக இருந்தது. மலைநாட்டின் குளிர் அப்படியே நாக்கில் இறங்கியது. குறை சொல்ல ஒரு துளி இடமில்லை. வாழ்நாள் முழுக்க நல்ல தேயிலையைக் கண்டு முகத்தைச் சுளித்த மனிதருக்கு, இன்றைக்குச் சுளித்தாக வேண்டிய நேரத்தில் முகம் சுளிக்க மறுத்தது. மிகவும் பாடுபட்டு ஒரு பக்கத்தை மட்டும் சுளித்தார்.

வெய்ட்டர் பதறிப்போய்ச் சிங்களத்தில் கேட்டார். "அவுலக் தியெனவத, சேர்?" ஏதும் பிரச்சினையா என்று.

"மகே நோனாகே தே எக்க ஈட்ட வடா ஹொந்தய்," என்றார் புஷ்பராஜ், தன் மனைவி போடும் தேத்தண்ணி இதைவிட நல்லது என்று. சொல்லிவிட்டார்! சிங்களத்தில் என்றாலும் சொல்லிவிட்டார்.

"எஹெனம் அபிடத் உகன்வன்ன, மேடம்," என்று வெய்ட்டர் கைகூப்பினார். எங்களுக்கும் சொல்லித் தாருங்கள் என்று. ஜெகதீஸ்வரி சிரித்தாள். அவர் போன பிறகு மேசையில் கிடந்த ஃபோனைக் கையில் எடுத்தாள்.

"அவருக்கு என்ன சொன்னனீங்கள்? தமிழில சொல்லுங்கோ."

"உமக்குச் சிங்களம் விளங்குந்தானே."

"விளங்கும். எண்டாலும் தமிழில சொல்லுங்கோ. வடிவாச் சொல்லுங்கோ, கடல்காத்துக்குக் கேக்கேல்லை."

புஷ்பராஜ் தொண்டையைச் செருமினார். கண்ணாடிக்குச் சொன்னதை எடுத்துவிட்டார்.

"ஈசு, அந்த நாலு மணித் தேத்தண்ணிக்கு முன்னால இது ஒண்டுமேயில்லை. அது திறம். நல்ல திறம்."

பாடமாக்கியது அவ்வளவுதான். அங்கே நிறுத்தியிருந்தால் திட்டம் திட்டமாகவே முடிந்திருக்கும். ஆனால் எதிரில் அந்த மயில்கழுத்துச் சீலையும், காதோரம் நரைத்த தலையும், தலைக்குப் பின்னால் அந்தக் கடலும். அவர் வாய் அவரைக் கேட்காமலே தொடர்ந்து பேசியது.

"முப்பது வருசத்துக்கு மேல, ஈசு. ஒருநாள்கூட நல்லாயிருக்கு எண்டு நான் சொல்லேல்லை. சொன்னால் என்ன குறைஞ்சு போயிருக்கும்? நாள் முழுக்கக் கந்தோரில துப்பிப்போட்டு, ஒரு கோப்பை குடிக்க எண்டுதான் வீட்டை ஓடி வந்தனான். நான் துப்பாமல் குடிச்சது உலகத்திலயே அந்தத் தேத்தண்ணி ஒண்டுதான். அதைப் போட்ட கைக்கு ஒரு நல்ல சொல்லுச் சொல்லத் தெரியாமல் போச்சு. அது என்ட பிழை. பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ள வேணும்."

சொல்லி முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பல்ல. வஞ்சகமாகத் தொடங்கியது எந்த இடத்தில் உண்மையானது என்று அவருக்கே தெரியவில்லை.

ஜெகதீஸ்வரியும் கண்ணைத் துடைத்தாள். பிறகு ஃபோனிலிருந்து பெருவிரலை எடுத்தாள். ஃபோன் 'டுப்' என்றது.

"என்ன அது?"

"வொய்ஸ் அனுப்பினனான்."

"ஆருக்கு? ஐறீனுக்கோ?"

"ஸ்கோனைச் சாப்பிடுங்கோ. ஆறிப்போகும்."

அவர் ஸ்கோனில் பாதி சாப்பிடுவதற்குள் பதில் வந்துவிட்டது. அவள் ஃபோனை இருவருக்கும் நடுவில் வைத்து அழுத்தினாள். பழக்கப்பட்ட ஒரு கரகரத்த குரல். அழுதுகொண்டே பேசியது.

"தங்கச்சி, சேர்ட வொய்ஸ் கேட்டேன். ரெண்டு தரம் கேட்டேன். இந்தக் கையால எத்தின ஆயிரம் தேத்தண்ணி ஊத்தி ஈக்கிறன். சேர் வாயால நல்லா ஈக்கிண்டு ஒரு வார்த்த கேக்கல்லயேண்டுதான் மனசில ஒரு கொற ஈந்திச்சு. கட போன கவலயும் இப்ப இல்ல. சேருக்கு நான் துஆ செய்றேன்டு சொல்லுங்க."

புஷ்பராஜ் ஃபோனைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"ஹாஷிம் நானா ஏன் அழுறார்?"

"சந்தோசத்தில."

"நான் உம்மட தேத்தண்ணியைப் பற்றிச் சொன்னால் அவருக்கு ஏன் சந்தோசம்?"

"என்ட தேத்தண்ணியைப் பற்றி நீங்கள் எங்க சொன்னனீங்கள்? நாலு மணித் தேத்தண்ணி எண்டுதானே சொன்னனீங்கள். அதைப் போட்ட கை எண்டு சொன்னனீங்கள். அது அவற்ற கை."

புஷ்பராஜின் வாயில் இருந்த ஸ்கோன் அப்படியே நின்றது.

"குசினி யன்னலால கூடை இறக்குறனான் எல்லோ?"

"பாண் வாங்க."

"பாணும் வாங்கினனான். ஃபிளாஸ்க்கும் அதுக்குள்ளதான் இறங்கிச்சுது. நீங்கள் நித்திரையால எழும்ப முந்தி மேல வந்திடும். நீங்கள் கந்தோருக்குப் போன காலத்திலயும் அப்பிடித்தான்."

"நான் கம்பனியில இருந்து கொண்டுவந்து தந்த தேயிலையெல்லாம்?"

"அதுவும் கூடையிலதான் கீழ போனது. அதிலதான் அவர் போட்டவர். உங்கட நொட்டையையும் அடுத்தநாள் கூடையோடயே சொல்லிவிடுவன். சாயம் கூட எண்டார், சீனி குறைக்கட்டாம். அந்த மனிசன் ஒண்டு விடாமல் கேட்டு நடந்தவர். வெள்ளவத்தை முழுக்க அந்தக் கடையில ஏன் வந்து நிண்டது எண்டு நினைக்கிறியள்? உங்கட நாக்கு பழக்கின கை அது. நீங்கள் ஒராள்தான் மூக்கைச் சுளிச்சுக்கொண்டு போனது."

தேத்தண்ணி எல்லாம் எப்பிடி ஈக்கிது, சேர்? இத்தனை வருடமாக அந்த மனிதர் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் அர்த்தம் விளங்கியது. ஒரு தடவை நின்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். தகரம் அடித்த பிறகு யாருக்குச் சொல்வது?

"கடை மூடுற அண்டைக்கு நானா என்னட்டை இதைத்தான் சொல்லிக் கவலைப்பட்டவர். சேர் கடைசி மட்டும் ஒண்டும் சொல்லேல்லையே எண்டு. எப்பிடியும் வாங்கித் தாறன் எண்டு சொல்லிப்போட்டன்."

"அப்ப ஐறீன் படியில வச்சுச் சொன்னது?"

"நான் சொல்லச் சொன்னது."

"அப்ப உம்மை இஞ்ச நான் கூட்டிக்கொண்டு வரேல்லையோ?"

"நீங்கள்தான் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள். நான்தான் வரப்பண்ணினன்."

"நான் இஞ்ச வந்து இப்பிடிச் சொல்லுவன் எண்டு எப்பிடித் தெரியும்?"

"மூண்டு நாளாக் குளியலறைக்குள்ள கண்ணாடிக்குச் சொன்னனீங்கள். எனக்குக் காது கேக்குந்தானே."

புஷ்பராஜ் கோப்பையைக் கீழே வைத்தார். ஆறிக்கொண்டிருந்தது. பெரிய ஹோட்டலைத் தோற்கடிக்க வந்தவர் இப்போது ஒரு சின்னக் கேள்வியைக் கேட்கவே பயந்தார். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"அப்ப எனக்கெண்டு உம்மட கையால ஒருநாளும் நீர் தேத்தண்ணி போடேல்லையோ?"

"போட்டனான். ரெண்டு தரம்." அவள் குரலில் கோபம் இல்லை. "கலியாணம் முடிச்ச கிழமை ஒருக்கா. கடை பூட்டின பிறகு, அண்டைக்குச் செவ்வாய்க்கிழமை ஒருக்கா. ரெண்டையும் நீங்கள் துப்பினியள்."

அந்த முதல் கிழமை அவருக்கு மறந்தே போயிருந்தது. இப்போது வந்தது. புதுத் தாலியோடு கதவோரம் நின்ற பெண். தட்டத்தில் கோப்பை. அவர் உறிஞ்சினார், போய்த் துப்பினார், கொஞ்சம் தண்ணிப்பதம் என்றார், பேப்பரை விரித்தார். அந்தப் பெண்ணின் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தார். தெரியவில்லை. அவர் பார்க்கவே இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் கூட இருந்த மனைவியின் கையால் போட்ட தேத்தண்ணியை ஒரு மடக்குக்கூட அவர் விழுங்கியதில்லை.

"அண்டைக்கு அழுதனீரோ?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்லை. கயிறும் கூடையும் வாங்கினனான்."

"இத்தனை வருசம் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"முதல் பயத்தில சொல்லேல்லை. பிறகு பழக்கமாப் போச்சு. அதுக்குப் பிறகு, நீங்கள் ஹாஷிம் நானாட தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு ஹாஷிம் நானாட தேத்தண்ணியைக் குப்பையெண்டு பேசுறதைப் பாக்க எனக்கு நல்ல பொழுதுபோக்காப் போச்சு."

பியானோக்காரர் வேறொரு பாட்டைத் தொடங்கினார். ஜெகதீஸ்வரி மேல்தட்டிலிருந்து ஒரு கேக்கை எடுத்தாள். "இதுக்குள்ள முட்டை இருக்குமோ?" என்று கேட்டாள். அவர் எழும்பிப் போய், விசாரித்துவிட்டு வந்தார். இல்லையாம். அவள் ரசித்துச் சாப்பிட்டாள்.

அடுத்தநாள் பின்னேரம் புஷ்பராஜ் தூங்கவில்லை. குசினிக்குள் போனார். அந்த வீட்டுக்குள் அவருக்கு வழி தெரியாத இடம் அது ஒன்றுதான். தேயிலை நிபுணர் வீட்டில் தேயிலை தேடினால் ஒரே ஒரு பைக்கற் அகப்பட்டது, அதுவும் அந்தச் செவ்வாய்க்கிழமை வெட்டியது. யன்னலோரம் கூடை கவிழ்த்துக் கிடந்தது. எட்டிப் பார்த்தார். கீழே தகரம்தான் தெரிந்தது.

தண்ணீரைக் கொதிக்க வைத்தார். கையைச் சுட்டுக்கொண்டார். அளந்து போட்டார், பொறுத்து வடித்தார். கற்ற வித்தை அத்தனையையும் அந்த ஒரு கோப்பைக்குள் இறக்கினார். பல்கனிக்குக் கொண்டுபோனபோது இரண்டு கதிரையில் ஒன்றில் ஜெகதீஸ்வரி இருந்தாள். அது ஒன்றே அவருக்குப் போதுமாக இருந்தது. தட்டத்தில் கோப்பையை நீட்டிவிட்டுக் கதவோரம் நின்றார்.

அவள் வாங்கினாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

ஸ்ஸ்ர்ர்ர்ரூப்!

இந்தக் கன்னம், அந்தக் கன்னம். ஆறுதலாக எழும்பி அவரைத் தாண்டி ஹோலுக்குப் போனாள். பேசினில் துப்பினாள். வாயைக் கொப்பளித்தாள். திரும்பி வந்து சீலையை ஒதுக்கிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் ஃபிளாட்," என்றாள். "நாளைக்கும் போடுங்கோ, பாப்பம்."